கொட்டாங்கச்சியோடு போன மஞ்சக்காரி

காலை 6.40.

நடைப்பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பல்செட்காரர், கழுத்தில் தொங்கிய சாவியை எடுத்து மீன் அறையைத் திறந்தார். விளக்கைப் போடவில்லை. தொட்டி விளக்கு ஏழு மணிக்குத் தானாக எரியும். அதுவரை அந்த அறையில் அவர் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வார். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

தண்ணீரின் மேல் ஆண் மீன் துரை செத்து மிதந்துகொண்டிருந்தது. கூடவே ஆறு துணை மீன்கள். எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும் காற்றுக் குமிழிகள் நின்றுபோயிருந்தன. இடது மூலையில், கொட்டாங்கச்சி இருந்த இடத்தில் மணலில் ஒரு குழி மட்டும் இருந்தது. கொட்டாங்கச்சியைக் காணோம். அதற்குள் குடியிருந்த மஞ்சக்காரியையும் காணோம், அவளுடைய நாற்பத்தொரு குஞ்சுகளையும் காணோம்.

பல்செட்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக்கு முன் டாக்டர்கள் திறந்து தைத்த நெஞ்சு அது.

பல்செட்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். வட்டாரத்தில் வயதானவர்களில் பாதிப் பேர் மென்று சாப்பிடுவது அவர் புண்ணியத்தில்தான். அச்சு வார்க்கும் இளஞ்சிவப்பு மாவு எத்தனை தடவை கழுவினாலும் அவர் நகக்கண்ணை விட்டுப் போகாது. விடிவதற்கு முன்னால் ஓர் அச்சாவது வார்த்துவிட்டுத்தான் நடக்கக் கிளம்புவார்.

துரையும் மஞ்சக்காரியும் குள்ள சிக்லிட் என்ற வகை. ஆள்காட்டி விரல் நீளம்கூட வராத மீன்கள். ஆனால் ரோஷத்துக்குக் குறைவில்லை. ஆண் நீலமும் சிவப்புமாக மினுக்கும். பெண் சாதாரண நாளில் சாம்பல் நிறம். முட்டையிட்டுவிட்டால் மட்டும் உடம்பு முழுக்க மஞ்சளாகிவிடும். குஞ்சுகள் பக்கம் யார் வந்தாலும், கட்டின புருஷனே வந்தாலும், விரட்டியடிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் பல்செட்காரர் அந்தத் தொட்டியைப் பார்த்தபடியே படுத்திருந்தார். "என்னைப் பிழைக்க வெச்சது டாக்டர் பாதி, இவங்க பாதி" என்று வருகிறவர்களிடமெல்லாம் நன்றியோடு சொல்வார்.

நாலு தடவை முட்டையிட்டும் குஞ்சு தங்கவில்லை. யாராவது கதவைப் படாரென்று சாத்தினால், திடீரென்று விளக்கைப் போட்டால், மிரண்டுபோன தாயே முட்டையைத் தின்றுவிடும். ஐந்தாவது தடவைதான் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. அதனால்தான் அறைக்குப் பூட்டு.

இப்போது அவர் அறையை விட்டு வெளியே வந்தார். நடையில் மாப்பிள்ளை நின்றிருந்தார். கையில் ஈரம். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவி எட்டிப் பார்த்தது. சமையலறை டப்பாவில் கிடக்க வேண்டிய மாற்றுச் சாவி அது.

"என் மீன் எங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை மனைவியின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

காலை 8.10.

மாடி வீட்டுச் சொட்டக்கா இறங்கி வந்தாள். நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டு எண்ணும் வேலை. பெயர் அதனால் வந்தது. போன வருஷம் இதே மாடிப்படியில் உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்டாள். பல்செட்காரர் வைத்துக் கொடுத்த பல் எதுவென்று இன்று அவளுக்கே கண்ணாடியில் கண்டுபிடிக்க முடியாது. அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டாள்.

வரும்போது படித் திருப்பத்தில் துண்டு போட்டு மூடிய வாளி ஒன்று இருந்தது. வீடு துடைக்க யாரோ வைத்தது என்று நினைத்து, ஒரு தடவை விழுந்த ஜாக்கிரதையோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினாள்.

"லேட்டாயிடுச்சு அண்ணா. காலையிலிருந்தே ஒண்ணும் சரியில்ல. ஆறரைக்குக் குளிச்சிட்டிருக்கேன், யாரோ கதவை ரெண்டு தட்டு தட்டினாங்க. வந்து பார்த்தா ஆளில்ல."

"கதவு தட்டினதை விடும்மா. இங்க என் வீட்டுக்குள்ளயே திருடன்" என்றார் பல்செட்காரர். "தண்ணியில என்ன கலந்தான்னு நீ சொல்லிட்டா போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன். பதினோரு மணிக்கு டாக்சி வருது. ரெண்டு பேரும் கிளம்பறாங்க."

நடையில் இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. அவற்றின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

விஷயத்தின் கனம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. மாப்பிள்ளை வேலை பார்த்த சோப்புத் தொழிற்சாலை மூடி ஐந்து மாதமாகிறது. மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டு வேலை தேடுகிறார். இன்றைக்கு வெளியே போனால் போகிற இடம் ஒரு நண்பனின் ஒற்றை அறை. அதைவிட, அப்பாவும் மகளும் இனி எப்போது பேசிக்கொள்வார்கள் என்பதும் தெரியாது.

காலை 8.20. மீன் அறை.

சொட்டக்கா கொண்டுவந்த தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தாள்.

துரை போய்விட்டது. துணை மீன்களும் போய்விட்டன. மணலில் வளர்ந்த பொடி இறால்கள் சிவந்துபோய்க் கிடந்தன. ஆனால் நத்தைகள் அடித்தரையில் சாவதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

தொட்டியில் தண்ணீர் எதுவரை இருக்க வேண்டும் என்று பல்செட்காரர் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். தண்ணீர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத் தொட்டு நின்றது.

தொட்டிக்குப் பக்கத்தில், காய்ந்த வாதுமை இலை ஊறிய தேநீர் நிறத் தண்ணீரோடு இரண்டு வாளிகள் இருந்தன. வாராவாரம் தண்ணீர் மாற்றுவதற்காக முன்கூட்டியே பதப்படுத்தி வைப்பது. இரண்டாவது வாளிக்கு அடுத்து, தரையில் ஒரு ஈர வளையம்.

"மூணு வாளியா வெப்பீங்க?"

"ஆமா." அப்போதுதான் அவரும் எண்ணினார். "அதையும் தூக்கிட்டானா?"

"காத்து எப்படி நின்னது?"

"பம்ப் பிளக்கைப் புடுங்கியிருக்கு. மூச்சு முட்டிச் சாகட்டும்னு செஞ்ச வேலை."

"மூச்சு முட்டியிருந்தா நத்தை முதல்ல மேல ஏறி விளிம்புல வந்து ஒட்டிக்கும். எல்லாம் கீழ மேயுது பாருங்க. அதுவுமில்லாம, இவ்ளோ பெரிய தொட்டியில ஏழெட்டு மீன் காத்து நின்ன ஒரு மணி நேரத்துல சாகாது. பம்ப் எங்க இருக்கு?"

"நடையில. ர்ர்னு சத்தம், குஞ்சுக்கு ஆகலை. முந்தாநாள்தான் சுவத்துல துளை போட்டு அந்தப் பக்கம் மாத்தினேன்." துக்கத்திலும் அவருக்கு அந்தத் துளையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. பல் குடையும் கருவியால் போட்ட துளை. குழாய் போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இருந்தது.

"கடைசியா ஒண்ணு. இன்னிக்குக் காலையில இந்த ரூம்ல யாராவது ஏதாவது தெளிச்சீங்களா? கொசு மருந்து, சென்ட், கண்ணாடி துடைக்கிற தண்ணி?"

"இந்த ரூம்லயா? நான் பவுடர் போட்டுக்கிட்டுகூட இதுக்குள்ள வரமாட்டேன்."

அது சத்தியமான வார்த்தை. சொட்டக்கா அதை அப்படியே மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

காலை 8.50. மகள்.

"எத்தனை மணிக்கு எழுந்தே?"

"அப்பா கத்தின சத்தம் கேட்டுத்தான் அக்கா."

"உன் வீட்டுக்காரர்?"

"எனக்கு முன்னாடியே எழுந்துட்டாரு. எப்போன்னு தெரியாது."

"அவர் செஞ்சிருப்பாரா?"

மகள் பெட்டியின் கைப்பிடியைத் திருகினாள். "தெரியல அக்கா. கேட்டா என் முகத்தையே பார்க்கறாரு, பதில் சொல்ல மாட்டேங்கறாரு. அப்பா தினம் குத்திக்காட்டுவாரு. சாப்பிட்ட தட்டு, கழட்டிப்போட்ட ஷூ, எல்லாத்துக்கும் ஒரு பேச்சு. அதுக்காக மீனைக் கொல்ற மனுஷன் இல்ல இவரு."

"வீட்டுல பூச்சி மருந்து இருக்கா?"

"நேத்து சாயங்காலம் நான்தான் ஒரு கரப்பான் ஸ்ப்ரே வாங்கினேன். நடையில பெரிய கரப்பானா ஓடுது. வாங்கினதோட சரி, சீல்கூட உடைக்கல. செருப்பு அலமாரி மேல வெச்சிருக்கேன்."

காலை 9.05. மாப்பிள்ளை.

உயரமான, ஒல்லியான மனிதர். முட்டியைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். மாமனாருக்கு ஐந்து மாதமாகக் கண்ணை உறுத்தியது அந்த உயரமோ, வேலை இல்லாததோ, அவருக்கே தெரியாது.

"சோப்புக் கம்பெனியில உங்களுக்கு என்ன வேலை?"

"வாசனை பார்க்கறது. ஒரு சோப்புக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் இருக்கான்னு மோந்து சொல்லணும்."

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

"காலையில ரூம்குள்ள போனீங்களா?"

பதில் இல்லை.

"பிளக்கை நீங்கதான் எடுத்தீங்களா?"

பதில் இல்லை.

"பேசாம இருந்தா உங்க மேலதான் முடியும். உங்க பொண்டாட்டி பெட்டி மேல உட்கார்ந்திருக்கா."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து மாமனாரின் இருமல் கேட்டதும் விழுங்கிவிட்டார். சொட்டக்கா எழுந்தபோது மட்டும் மெல்லச் சொன்னார்:

"மாடிப்படியில பார்த்து ஏறுங்க அக்கா."

விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவளுக்கு எல்லாரும் சொல்வதுதான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் சறுக்கிய இடம் அது.

காலை 9.20. நடை.

செருப்பு அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை கலந்த மருந்து நெடி லேசாக வந்தது. கீழ்த்தட்டில் மூன்று கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. மேல்தட்டில், பூட்சுக்கும் பழைய குடைக்கும் நடுவில், ஏர் பம்ப். அதன் குழாய் சுவரில் இருந்த அந்த நேர்த்தியான துளைக்குள் போனது.

சொட்டக்கா ஒவ்வொரு ஜோடியாக எடுத்துப் பார்த்தாள். மகளின் செருப்பில் பழைய தூசி. விருந்தாளிச் செருப்பில் அதைவிடப் பழைய தூசி. மாப்பிள்ளையின் பழுப்பு ஷூவில் மட்டும் உள்ளேயும் வெளியேயும் எண்ணெய்ப்பசையாகத் துளிகள் மின்னின. நாலாவது கரப்பான் இடது ஷூவுக்குள் கிடந்தது.

பிறகு அலமாரி மேலிருந்த ஸ்ப்ரே கேனை எடுத்தாள். சீல் உடைந்திருந்தது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் "அட மடச்சி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். மாடிப்படித் திருப்பம்வரை ஏறினாள். துண்டை ஓர் ஓரம் தூக்கிப் பார்த்து, அப்படியே மூடிவிட்டு இறங்கினாள். முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

காலை 9.45. எல்லாரும் மீன் அறையில்.

"முதல்ல திருட்டு" என்றாள் சொட்டக்கா. "மீன் திருடறவன் மீனை எதுல எடுத்துட்டுப் போவான்? தொட்டித் தண்ணியிலதான். அதுதான் மீனுக்குப் பழகின தண்ணி. தண்ணி மட்டம் குறைஞ்சிருக்கணும். குறையல. இவர் பதப்படுத்தி வெச்ச வாளித் தண்ணியை எடுத்திருக்கார். ஏன்? தொட்டித் தண்ணி கெட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"கெடுத்தவனுக்குத் தெரியாதா?" என்றார் பல்செட்காரர்.

"கெடுத்தவர் பிளக்கை ஏன் புடுங்கணும்? கொஞ்சம் பொறுங்க. குஞ்சுகளைத் தனியா வலை போட்டுப் பிடிக்கல, கொட்டாங்கச்சியோட தூக்கியிருக்கார். இருட்டு நேரத்துல தாய் எல்லாத்தையும் உள்ள கூட்டி வெச்சுக்கும், விளக்கு எரிஞ்சாத்தான் வெளிய விடும்னு தெரிஞ்ச ஆள். வாயைக் கையால பொத்தித் தூக்கினா மொத்தக் குடும்பமும் வந்துடும். இதெல்லாம் புத்தகத்துல படிச்சு வராது அண்ணா. தினம் உட்கார்ந்து பார்த்தாத்தான் வரும்."

பல்செட்காரர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து மாதமாக, தான் பட்டறையில் இருந்த நேரங்களில், அந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இப்போ கொலை. மீனும் இறாலும் செத்திருக்கு, நத்தை பிழைச்சிருக்கு. பூச்சி மருந்து பட்டா இப்படித்தான் ஆகும். ஆனா பூட்டின அறை, தொட்டி மேல கண்ணாடி மூடி. மருந்து எப்படி உள்ள வந்தது?"

அவள் நடைக்குப் போய்ப் பிளக்கை மாட்டினாள். திரும்பி வந்து, குழாயின் முனையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, பல்செட்காரரின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

எலுமிச்சை வாசனை.

பூட்டின அறைக்குள், சுவருக்கு இந்தப் பக்கம், அந்த மெல்லிய குழாய் செருப்பு அலமாரியின் காற்றை அவர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"பம்ப் காத்தை உண்டாக்கறதில்ல அண்ணா. தன்னைச் சுத்தி இருக்கறதை இழுத்துத் தண்ணிக்குள்ள அனுப்புது, அவ்வளவுதான். மூடின அலமாரிக்குள்ள யாரோ மருந்தை நல்லாப் பீய்ச்சிட்டுக் கதவைச் சாத்தியிருக்காங்க. அது நேரா இங்க வந்திருக்கு. அதை நிறுத்தத்தான் உங்க மாப்பிள்ளை பிளக்கைப் புடுங்கியிருக்கார்."

மகள் எழுந்துவிட்டாள். "நான் அடிக்கல. சத்தியமா நான் கேனைத் தொடவே இல்ல."

"தெரியும்மா. ஆனா உன் வீட்டுக்காரர் நீதான்னு நெனச்சுட்டார். அதான் வாயைத் திறக்கல."

மகள் கணவனைப் பார்த்தாள். அவர் இப்போதுதான் வாயைத் திறந்தார். "கேன் நீ வாங்கினது. நீதான் அடிச்சிட்டு மறுபடி வந்து படுத்திருக்கேன்னு நெனச்சேன். நெடி மூக்குல ஏறித்தான் முழிச்சேன். சொன்னா மாமா உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாரு. என்னைத்தான் ஏற்கெனவே பிடிக்காதே, என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சொட்டக்கா குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பல்செட்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அடிச்சது யாருன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

"சொல்லும்மா" என்றார் பல்செட்காரர். "கேக்கற அளவுக்கு நெஞ்சை நல்லாத்தான் தெச்சிருக்காங்க."

சொட்டக்கா கைக்குட்டையைப் பிரித்தாள். கேனின் வெள்ளை மூடியில் இளஞ்சிவப்பு மாவு, கட்டைவிரல் அகலத்துக்கு.

"அலமாரியில எத்தனையோ செருப்பு இருக்கு. மருந்து விழுந்தது ஒரே ஒரு ஜோடி ஷூ மேல. கரப்பானைக் கொல்ல அடிச்சவர் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து அடிச்சிருக்கார்."

பல்செட்காரர் தன் நகங்களைப் பார்த்தார். "காலையில ஷூ எடுக்கத் திறந்தேன். இவர் ஷூவுலேர்ந்து கரப்பான் ஓடிவந்துச்சு. இதைக்கூட உதறி வெக்கத் துப்பில்லையான்னு ஆத்திரம். பீய்ச்சிட்டுக் கதவைச் சாத்திட்டு நடக்கப் போயிட்டேன். மணி அஞ்சே முக்கால் இருக்கும்." சற்று நிறுத்தினார். "பம்பை அங்க வெச்சதும் நான்தான். மேல்தட்டுல என் கண்ணுக்கு முன்னாடிதான் அது ஓடிட்டிருந்துச்சு. நடைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்னு இருந்துட்டேன். துரையைக் கொன்னது நானேதான்."

காலை 10.00. மாடிப்படி.

பல்செட்காரர் படித் திருப்பத்தில் மண்டியிட்டார். சொட்டக்கா துண்டை எடுத்தாள்.

தேநீர் நிறத் தண்ணீரில் கொட்டாங்கச்சி கவிழ்ந்திருந்தது. அதன் வாயில் மஞ்சக்காரி, எலுமிச்சைப் பழத்தைவிட மஞ்சளாக, துடுப்புகளை விரித்துக்கொண்டு நின்றாள். அவர் விரல் தண்ணீருக்கு மேலே வந்ததுதான் தாமதம், பாய்ந்து வந்து முட்டினாள். அவளுக்குப் பின்னால் பொடிப் பொடியாகக் குஞ்சுகள்.

"உங்ககிட்டக் கொடுத்து வெக்கலாம்னு வந்து கதவைத் தட்டினேன் அக்கா" என்றார் மாப்பிள்ளை. "திறக்கல. மத்ததைத் தூக்க இன்னொரு வாளிக்கு ஓடினேன். அதுக்குள்ள எல்லாம் சாய்ஞ்சிடுச்சு. ரூமைப் பூட்டிட்டுத் திரும்பறேன், மாமா வந்துட்டாரு. கொட்டாங்கச்சி காத்துக் குழாய்க்கு எதிர் மூலையில இருந்ததால இவங்க தப்பிச்சாங்க."

பல்செட்காரர் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். முப்பத்தெட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். முப்பத்தெட்டுதான்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். மன்னிப்பும் கேக்கணும். எதை முதல்ல சொல்றதுன்னு தெரியல."

"முதல்ல குஞ்சுக்குச் சாப்பாடு போடணும் மாமா. எட்டு மணிக்குப் போடவேண்டியது, பத்தாயிடுச்சு."

பல்செட்காரர் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். மாற்றுச் சாவிதான் இவரிடம் இருக்கிறதே என்று மகள் சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள்.

சொட்டக்கா தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவள் தாண்டியே போன வாளி. கண் முன்னால் வைத்துவிட்டு, வழியும் சொன்ன மனிதரின் பேச்சை உபசாரமாக எடுத்துக்கொண்டது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நல்ல காலை என்றே தோன்றியது. வாங்கிய பல்லுக்கு ஈடாக ஒரு மஞ்சக்காரி.

காலை 11.00.

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. மீன் அறையில் மகள் டார்ச் பிடிக்க, மாப்பிள்ளை கையை முழங்கைவரை நனைத்துக்கொண்டு, பம்பை ஜன்னலோரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஹாரன் கேட்கவில்லை. பெட்டிகள் நடையிலிருந்து எப்படியோ உள்ளே போயிருந்தன.

பல்செட்காரர் பின்பக்கத்திலிருந்து வந்தார். சட்டை முன்புறம் முழுக்க நனைந்திருந்தது. கையில் பழுப்பு நிற ஷூ ஒரு ஜோடி. அச்சு தேய்க்கும் தன் சின்னப் பிரஷ்ஷாலேயே உள்ளேயும் வெளியேயும் மூன்று தண்ணீர் மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். அவற்றை வெயில் விழும் காம்பவுண்டுச் சுவரில், வாய் மேலே பார்க்க, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். ஒரு தடவை சரி பார்த்தார்.

"ரெண்டு பேர், ரெண்டு பெட்டின்னு சொன்னாங்களே சார்" என்றார் டாக்சிக்காரர்.

"பயணம் இல்லப்பா" என்றார் பல்செட்காரர். "எங்க மாப்பிள்ளை ஷூ இன்னும் காயல."